செவிக்கு எட்டாத சொற்கள்

மொழிப் பயிற்சிப் பகுதி

சங்க உறுப்பினர் ஒருவரின் துணைவியார் எழுதிய கடிதம் சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்தது. பெயரை வெளியிட வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டுள்ளமையால் செய்தியை மட்டும் தருகின்றோம். அவர் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தமிழ் வழியில் பயின்றவர். கணவருக்குத் தில்லியில் வேலை கிடைத்ததால் குடும்பம் இங்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலச் செய்தித்தாளை ஒருவாறு படித்துப் பொருள் கொள்கின்றார். மகளின் பாடப்புத்தகமும் அவருக்கு விளங்குகின்றது. ஆனால், பள்ளியில் நடைபெறும் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை பேசுவது மட்டும் விளங்குவதில்லை. "எழுதிக் காட்டினால் எல்லாம் நான் அறிந்த சொற்களாகவே இருக்கின்றன. பேசும்போது மட்டும் அவை எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன? ஒன்பது வயது மகள் எனக்கும் ஆசிரியைக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கின்றாள். அவளைப் பற்றிய குறையை அவள் வாயாலேயே கேட்கவேண்டியிருக்கின்றது" என்று எழுதுகின்றார்.

இஃது ஒருவருடைய குறை அன்று. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் காணப்படும் நிலை இது. பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் இரண்டு மூன்று மொழிகளை எளிதில் பற்றிக்கொள்கின்றனர். அலுவலகம் செல்வோர் நாள்தோறும் கேட்டுக் கேட்டுப் பழகிவிடுகின்றனர். இல்லத்திலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் பெண்டிருக்கும், ஊரிலிருந்து வந்து மக்களோடு தங்கும் முதியோர்க்கும் அவ்வாய்ப்பு இல்லை. நாளடைவில் மருத்துவமனையிலும் வங்கியிலும் பிள்ளை முன்னே நிற்க, பெற்றோர் பின்னே நிற்கும் நிலை வந்துவிடுகின்றது. பிள்ளைக்கு அது முதலில் பெருமையாக இருக்கலாம். ஆனால், தாயின் நோயை மருத்துவரிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு ஒன்பது வயதுக் குழந்தைக்கு உரியது அன்று. ஆகவே, ஆங்கிலத்தைக் கேட்டு உணரும் திறனை அழகுக்காகப் பெறும் கல்வி என்று கருதலாகாது. பெற்றோர் பெற்றோராகவே நிற்பதற்கு அது வேண்டும்.

கண்ணும் செவியும்

ஒரு சொல்லைக் கண்ணால் அறிவது வேறு. செவியால் அறிவது வேறு. ஒன்றைக் கற்றால் மற்றொன்று தானே வந்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணத்தை நமக்கு ஊட்டியது நம் தாய்மொழியே. தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலியை அறியலாம். படிக்கத் தெரிந்தவர்க்கு ஒலிக்கவும் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்து ஒரு வழி போகும். ஒலி மற்றொரு வழி போகும்.

பள்ளிகளில் நாம் ஆங்கிலம் கற்ற முறையும் ஒரு காரணம். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர், பிரிவினைக்கு முற்பட்ட வங்காளத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்க மாணவர்க்கு ஆங்கிலம் எதற்குத் தேவைப்படுகின்றது என்று அவர் ஆராய்ந்தார். நூல்களைப் படித்து அறிவு பெறுவதற்கே பெரிதும் தேவைப்படுகின்றது என்று கண்டு, 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் படிப்புப் பயிற்சிக்கே முதலிடம் தந்தார். அக்காலத்திற்கு அது பொருந்திற்று. நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் ஆங்கிலம் கண்வழிக் கல்வியாகவே இருந்து வருகின்றது. வினாவுக்கு விடை எழுதுகின்றோம், இலக்கணம் பயில்கின்றோம், காது கொடுத்துக் கேட்பதற்கு மட்டும் பாடவேளை இல்லை. அவ்வாறு கற்றவர்க்குக் கேட்டல் கடினமாவதில் வியப்பு ஒன்றும் இல்லை. நாணத்திற்கும் இடம் இல்லை. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் அமைந்திருப்பதை இங்கே நினைத்தல் தகும். செவியால் பெறும் அறிவு தனி இடம் பெறத்தக்கது என்பது நாம் அறியாத கருத்து அன்று.

நம்முடைய சொல் ஒன்றையே சான்றாகக் கொள்வோம். கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் கடல் கடந்து சென்று ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயர் அதைச் சொல்லும்போது முதலசை சிறிது ஓங்குகின்றது; ஈற்றசை பெரிதும் ஓங்குகின்றது; இடையில் உள்ளவை தேய்ந்துவிடுகின்றன. ஏறக்குறைய 'கேட்டமரேன்' என்று நம் செவியில் விழும். மிளகுத் தண்ணீர் 'மலிகடோனி' ஆகிவிட்டது. தமிழ்த்தாயின் வயிற்றில் பிறந்த சொல்லே ஆங்கில உடை உடுத்தி வந்தால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை என்றால், பிறந்தது முதல் ஆங்கிலமாகவே இருக்கும் சொல் தெரியாமற் போவதில் தவறு என்ன?

ஓங்கும் அசையும் தேயும் அசையும்

ஆங்கிலச் சொற்கள் செவிக்கு எட்டாமைக்கு முதற்காரணம் அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராக ஒலிக்கின்றோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை அரசன் போல் ஓங்கி நிற்கும். மற்றவை அடங்கி நிற்கும். அடங்கிய அசைகளில் உள்ள உயிரெழுத்து எதுவாயினும், பெரும்பாலும் அது தேய்ந்து, வாய் திறவாத ஒரு மெல்லிய ஒலியாக மாறிவிடும்.

நிழற்படத்தைக் குறிக்கும் சொல்லை 'ஃபோட்டகிராஃப்' என்று முதலசையை ஓங்கச் சொல்லுவர். படம் எடுப்பவரைக் குறிக்கும்போது இரண்டாம் அசை ஓங்க, 'ஃபடாக்ரஃபர்' என்று ஆகிவிடும். எழுத்தில் இவ்விரண்டும் உடன்பிறந்தவை. செவிக்கு அயலார் போல் தோன்றும். காய்கறியைக் குறிக்கும் 'வெஜிடபிள்' நான்கு அசையாகத் தோன்றினும், பேச்சில் 'வெஜ்டபள்' என்று மூன்றாகிவிடும். நான்கு அசையை எதிர்நோக்கி நிற்கும் செவிக்கு மூன்று அசை வந்து சேர்ந்தால் அது வேறொரு சொல் போல் படுகின்றது.

இந்தத் தேய்வு தமிழர்க்குப் புதியது அன்று. உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து குறுகி அரை மாத்திரையாக ஒலிப்பதைக் குற்றியலுகரம் என்று நம் இலக்கணம் பெயரிட்டுச் சொல்லுகின்றது. 'நாடு' என்னும்போதும் 'பாக்கு' என்னும்போதும் ஈற்று உகரத்தை இதழ் குவித்து நாம் முழுமையாக ஒலிப்பதில்லை. அக்குறுக்கத்தை நினைவிற் கொண்டு ஆங்கிலத்தைக் கேட்டால், தேய்ந்த அசைகளின் இயல்பு பிடிபடும்.

இரண்டாம் காரணம் சொற்கள் ஒன்றோடொன்று கூடுதல். இதற்கும் நம் இலக்கணமே வழி காட்டும். மெய்யில் முடியும் சொல்லின் முன் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் கூடி ஒலிக்கும். பால், ஆடை என்னும் இரண்டு சொற்கள் பாலாடை ஆகின்றன. ஆங்கிலத்திலும் அவ்வாறே. 'நாட் அட் ஆல்' என்று எழுத்தில் பிரிந்து நிற்பது பேச்சில் 'நாட்டட்டால்' ஆகும். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆகும். ஆங்கிலேயர் இப்புணர்ச்சியை எழுத்தில் காட்டுவதில்லை, நாம் காட்டுகின்றோம். வேறுபாடு அவ்வளவே. 'பிக்கிட்டப்' என்று ஒரு சொல் அகராதியில் உண்டோ என்று தேடித் திகைப்பவர், அதைப் பதம் பிரித்துக் கேட்கப் பழகினால் திகைப்பு நீங்கும்.

தமிழெழுத்தில் எழுதலாமா?

சில நாட்களிலேயே ஆங்கிலம் கற்பிப்பதாகக் கூறும் சிறு புத்தகங்களில் ஒவ்வொரு சொல்லின் ஒலியையும் தமிழெழுத்தில் அச்சிட்டிருப்பர். இக்கட்டுரையிலும் ஒலியைச் சுட்டுவதற்கு அவ்வாறே செய்திருக்கின்றோம். ஆயினும், பயிற்சிக் குறிப்பேட்டில் அம்முறையையே நம்பி இருத்தல் தகாது. மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஆட்டைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் 'கோட்' என்றே எழுதவேண்டியிருக்கின்றது. குண்டூசியைக் குறிக்கும் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் 'பின்' என்றே ஆகின்றன. வல்லொலியும் அதற்கு இணையான மெல்லிய ஒலியும் தமிழில் இடத்தைப் பொறுத்து மாறுவன. ஆதலின், அவற்றுக்குத் தனித்தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. தமிழுக்கு இது குறை அன்று. ஆனால், ஆங்கிலத்தில் அவ்வொலி வேறுபாட்டால் பொருளே வேறுபடும். தமிழெழுத்து வழியே கற்ற செவி இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். எனவே, ஒலியை ஒலியிலிருந்தே கற்றல் வேண்டும். இக்காலத்தில் கைபேசி அகராதிகள் பலவற்றில் ஒரு குறியைத் தொட்டாலே சொல்லின் ஒலி கேட்கும். அச்சு அகராதியிலோ ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். பொருளைப் பார்ப்பதற்கு முன்னே அக்கோட்டைப் பாருங்கள்.

தவறினால் தீங்கு விளைக்கும் ஒலிகள்

எல்லாச் சொற்களையும் ஒரே காலத்தில் கற்றல் இயலாது. தவறாகக் கேட்டால் தீங்கு விளைப்பன எவையோ அவற்றை முதலில் கற்போம்.

முதலாவது எண்கள். மருத்துவர் பதினைந்து என்கின்றாரா, ஐம்பது என்கின்றாரா? 'ஃபிஃப்டீன்' என்பதைத் தனித்துச் சொல்லும்போது ஈற்றசை நீண்டு ஓங்கும். இறுதியில் னகரமெய் ஒலிக்கும். 'ஃபிஃப்டி' என்பதில் முதலசை ஓங்கும், ஈறு குறுகும். பதின்மூன்றும் முப்பதும், பதினான்கும் நாற்பதும் இவ்வாறே. விரைந்த பேச்சில் இவ்வேறுபாடு மங்கிவிடுவது உண்டு. ஆகலின், எண் வரும்போதெல்லாம் இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்டல் நன்று: 'ஒன் ஃபைவ்?' அல்லது 'ஃபைவ் ஸீரோ?' என்று கேட்டால் ஐயம் தீரும். ஆங்கிலத்தில் நன்கு தேர்ந்தவரும் வானூர்தி நிலையத்திலும் வங்கியிலும் இவ்வாறு கேட்பதைக் காணலாம்.

இரண்டாவது, முடியும் என்பதும் முடியாது என்பதும். உங்கள் மகளால் படிக்க முடியும் என்று ஆசிரியை சொல்லும்போது, 'ஷீ கன் ரீட்' என்று 'கன்' தேய்ந்து, 'ரீட்' ஓங்கும். படிக்க முடியாது என்னும்போது 'ஷீ கான்ட் ரீட்' என்று 'கான்ட்' நீண்டு ஓங்கும். அதன் ஈற்றில் உள்ள டகரமெய் பெரும்பாலும் காதில் விழாது. டகரத்தைத் தேடிக் காத்திருப்பவர் ஏமாறுவர். நீட்சியைக் கவனிப்பவர் பொருளைப் பிடிப்பர். அமெரிக்கர் 'கேன்ட்' என்பர். அங்கும் ஓங்குதல் உண்டு. ஒரு தாய் தன் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்கும் செய்தி இந்த ஓர் ஒலியில் தலைகீழாக மாறிவிடக்கூடும்.

மூன்றாவது, உணவுக்கு முன், உணவுக்குப் பின், இரண்டு மணிக்கு ஒருமுறை, நாளைக்கு இரண்டு முறை என்பன போன்ற மருந்துக் குறிப்புகள். இத்தொடர்கள் மிகச் சிலவே. ஒரு வாரத்தில் இவற்றைச் செவிக்குப் பழக்கிவிடலாம்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

சொற்கடலைக் கண்டு அஞ்சுவோர் பலர். முன்னர்க் கூறிய வெஸ்ட் என்பவரே 1953ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பொதுவான நூல்களில் வரும் சொற்களில் நூற்றுக்கு எண்பது அப்பட்டியலில் அடங்கும் என்பது பிறர் ஆராய்ந்து கண்டது. நியூசிலாந்து நாட்டு அறிஞர் பால் நேஷன் 2006ஆம் ஆண்டில் வேறொரு கணக்கை வெளியிட்டார். பிறர் துணையின்றி நூல்களையும் செய்தித்தாள்களையும் நன்கு படித்துணர 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்றும், பேச்சைக் கேட்டுணர 6000 முதல் 7000 போதும் என்றும் அவர் கண்டார். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைப்பனவும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்.

இக்கணக்கு நமக்குச் சொல்லுவது யாது? கேட்பதற்கு வேண்டிய சொற்கள் படிப்பதற்கு வேண்டியவற்றினும் குறைவு. செய்தித்தாளைப் படித்துப் பொருள் கொள்பவரிடம் அவற்றுள் பெரும்பகுதி முன்னமே உண்டு. புதிய சொற்களை மேன்மேலும் குவிப்பதற்கு முன், கண் அறிந்த சொற்களைச் செவிக்கும் உரியன ஆக்கினால் பாதி வழி கடந்தவர் ஆவோம். இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே.

இவ்வகையில் நம்மிடம் மற்றொரு முதலும் இருக்கின்றது. பஸ், டிக்கெட், டாக்டர், பில் முதலிய நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் பள்ளிக்குச் செல்லாத பாட்டியார் நாவிலும் வழங்குகின்றன. ஆனால், அவற்றுள் சில தமிழில் பொருள் மாறியுள்ளன. தமிழில் ஹோட்டல் என்றால் உணவு உண்ணும் இடம். ஆங்கிலத்தில் தங்கும் விடுதி. வினா ஒன்று கேட்க விரும்பும் தமிழர் 'டவுட்' இருக்கின்றது என்பர். இந்திய ஆங்கிலத்தில் இது பெருவழக்கு. பிற நாட்டார் செவிக்கோ அது நம்பாமையைக் குறிப்பதாகப் படும். தாம் சொன்னதை நாம் நம்பவில்லை போலும் என்று அவர் கருதிவிடக்கூடும்.

புதிய சொல்லைக் கற்கும்போது தனியே கற்காமல் அதன் துணைச் சொற்களோடு கற்றல் வேண்டும். தமிழில் மருந்து சாப்பிடுகின்றோம். ஆங்கிலத்தில் மருந்தோடு சேரும் வினை 'டேக்'. வீட்டுப்பாடத்தோடு 'டூ' சேரும். பிழையோடு 'மேக்' சேரும். இவ்வாறு தொடராகக் கற்றவர்க்குக் கேட்கும்போது பெருநன்மை ஒன்று உண்டு. தொடரின் ஒரு பகுதி காதில் விழாவிடினும் மற்றொரு பகுதி அதை நினைவூட்டிவிடும்.

கற்றதை மறவாதிருக்க வழி என்ன? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை மறக்கும் வேகத்தை அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்ற உடனே மறதி விரைந்து வருகின்றது. பின்னர் மெல்ல வருகின்றது என்று அவர் கண்டார். ஒரே நாளில் பத்து முறை படிப்பதைக் காட்டிலும், மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், திங்கள் முடிவில் என்று இடைவெளி விட்டு நினைவுகூர்தல் நல்லது. இடத்திற்கு ஒன்றாகக் குறிப்பேட்டில் பக்கம் ஒதுக்குக: பள்ளிக்கு ஒரு பக்கம், மருத்துவமனைக்கு ஒரு பக்கம், வங்கிக்கு ஒரு பக்கம். பக்கத்திற்கு இருபது தொடர்கள் போதும். அவற்றைப் பார்த்துப் படிப்பதோடு நில்லாமல் பிறர் சொல்லக் கேட்க வேண்டும்.

நாள்தோறும் கால் மணி நேரம்

ஒலியும் அதன் எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் சிறு உரைகளைத் தெரிந்துகொள்க. பிபிசி நிறுவனத்தார் ஆங்கிலம் கற்போர்க்கென்று 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்னும் ஆறு நிமிட உரையாடல்களை எழுத்து வடிவத்தோடு வெளியிட்டுள்ளனர். இணையத்தில் பொருட்செலவின்றிக் கேட்கலாம். ஓர் உரையாடலில் இரண்டு நிமிடப் பகுதி ஒரு நாளைக்குப் போதும்.

முதன்முறை எழுத்தைப் பாராமல் கேட்க. எதைப் பற்றிய பேச்சு என்பது விளங்கினால் போதும். இரண்டாம் முறை காதில் விழுந்த சொற்களைத் தாளில் குறித்துக்கொள்க. மூன்றாம் முறை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, தவறவிட்ட சொற்களின் கீழ்க் கோடிடுக. பின்னர் அவற்றை இரண்டாகப் பிரிக்க: அறவே அறியாத சொற்கள் ஒரு பக்கம், அறிந்திருந்தும் செவி பற்றாத சொற்கள் மறுபக்கம். இரண்டாம் பட்டியலே நம் செல்வம். அச்சொல் ஏன் எட்டவில்லை? அசை தேய்ந்ததா, அடுத்த சொல்லோடு கூடிற்றா, நாம் எதிர்நோக்கிய அசை ஓங்காமல் வேறு அசை ஓங்கிற்றா என்று காரணம் காண்க. நான்காம் முறை மீண்டும் எழுத்தின்றிக் கேட்க. ஒளிந்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவருவதை அப்போது உணரலாம். ஐந்தாம் முறை பேசுவோரைத் தொடர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. நா பழகிய ஒலியைச் செவி எளிதில் அறியும்.

திரைப்படம் காண்போர்க்கும் ஒரு சொல். ஆங்கிலப் படத்தைத் தமிழ் எழுத்துரையோடு காண்பதைவிட ஆங்கில எழுத்துரையோடு காண்பது செவிப்பயிற்சிக்கு ஏற்றது. 2009ஆம் ஆண்டில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்னும் இருவர் டச்சு மொழியினரைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். பழக்கமில்லாத ஆங்கிலப் பேச்சைக் கேட்டுப் பழகுவதற்கு ஆங்கில எழுத்துரை துணை செய்தது. தாய்மொழி எழுத்துரையோ தடையாயிற்று. தாய்மொழி எழுத்து கண்முன் ஓடும்போது செவி ஓய்வு எடுத்துக்கொள்கின்றது போலும்.

வெளியே செல்லும்போதும் பயிற்சிக்கு இடம் உண்டு. தில்லி மெட்ரோ வண்டியில் அடுத்த நிலையத்தின் பெயரையும், கதவு இடப்புறம் திறக்குமா வலப்புறம் திறக்குமா என்பதையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கின்றனர். பொருள் முன்னமே தெரிந்த தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுவதைப் போன்ற நல்லாசிரியர் வேறு இல்லை. அத்தொடரில் எந்தச் சொல் ஓங்குகின்றது, எது தேய்கின்றது என்று மட்டும் உற்றுக் கேளுங்கள். இறங்கவேண்டிய இடத்தை மறந்துவிடாதீர்கள்!

பல வாய்களின் ஆங்கிலம்

இலண்டன் ஒலியையே கேட்டுப் பழகியவர் நம் நாட்டில் மீண்டும் திகைக்க நேரும். நம் பிள்ளைகளின் ஆசிரியை பஞ்சாபியராக இருக்கலாம்; மருத்துவர் வங்காளியராக இருக்கலாம்; வங்கி அலுவலர் மலையாளியாக இருக்கலாம். ஒவ்வொருவர் ஆங்கிலத்திலும் அவரவர் தாய்மொழியின் மணம் வீசும். பள்ளியைக் குறிக்கும் சொல் பஞ்சாபியர் சிலர் வாயில் 'சகூல்' ஆகும்; உத்தரப் பிரதேசத்தாரும் பீகாரியரும் சிலர் 'இஸ்கூல்' என்பர். நாமும் விலக்கு அல்லர். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரத்தைச் சேர்த்தும், மெய்யில் முடியும் சொல்லின் ஈற்றில் உகரத்தை ஒட்டியும் பேசுகின்றோம். நம் பேச்சு அவர்க்கு விளங்காத வேளையும் உண்டு என்பதை நினைத்தால், விளங்காமை ஒருவர் பக்கத்துக் குறை மட்டும் அன்று என்பது தெளிவாகும். யாருடைய பேச்சை நாம் கேட்கவேண்டியிருக்கின்றதோ அவருடைய ஒலியையே கேட்டுப் பழகுதல் முறை. அடுத்த வீட்டு அம்மையாரோடு நாள்தோறும் சில நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகினால், வேறெங்கும் கிடைக்காத பாடம் கிடைக்கும். வெளிநாட்டுக் கல்விக்காக எழுதப்படும் ஐயெல்ட்ஸ் தேர்வின் கேட்டல் பகுதியிலும் பல நாட்டவர் ஒலிகள் வருகின்றன. 40 வினாக்களுக்கும் ஒலிப்பதிவு ஒருமுறையே இசைக்கப்படும். ஆகவே, இளைஞர்க்கும் இப்பயிற்சி உரியதே.

விளங்காதபோது தலையை அசைத்துவிட்டு வருதல் நம்மிடம் உள்ள பழக்கம். மரியாதை கருதியே அவ்வாறு செய்கின்றோம். ஆனால், அதனால் இழப்பு நமக்கே. திருப்பிச் சொல்லுமாறு கேட்கும் மூன்று தொடர்களை நா நுனியில் வைத்துக்கொள்க. 'குட் யூ ப்ளீஸ் சே தட் அகெய்ன்?' என்பது ஒன்று. 'ப்ளீஸ் ஸ்பீக் அ லிட்டில் ஸ்லோலி' என்பது மற்றொன்று. 'ப்ளீஸ் ரைட் இட் டவுன்' என்பது மூன்றாவது. கேட்பது குறை அன்று; தம் குழந்தையின் நலத்தில் கருத்துடைய தாய் கேட்கின்றார் என்றே நல்லாசிரியர் கருதுவர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆங்கிலம் விரைவில் வரவேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடும் குடும்பங்கள் சில உள்ளன. தாய் நிறைவாகப் பேசக்கூடிய மொழி தமிழ். அம்மொழியில் கதை கேட்டும் வினாக் கேட்டும் வளரும் குழந்தைக்குக் கருத்து வளரும். கருத்து வளர்ந்தபின் அதற்கு ஆங்கிலச் சொல்லைப் பொருத்துவது எளிது. ஆதலின், ஆங்கிலப் பயிற்சிக்கு ஒரு வேளையை ஒதுக்குக. வீட்டை ஒதுக்கிவிட வேண்டா. அந்த வேளையில் பிள்ளைகள் ஆசிரியராக அமரட்டும். அம்மாவும் தாத்தாவும் பிழைபட ஒலிக்கும்போது நகையாடுதல் கூடாது என்பதைத் தந்தையர் முன்னரே சொல்லி வைக்க வேண்டும். ஒருமுறை எழும் நகைப்பு ஓராண்டுப் பயிற்சியைக் கெடுத்துவிடும்.

இத்திங்களுக்குரிய பயிற்சி

கடிதம் எழுதிய அம்மையார்க்கும், அவர் போன்ற பிறர்க்கும் சிறு பணி ஒன்று தருகின்றோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை பேசக்கூடிய இருபது தொடர்களை மகளைக் கொண்டே ஆங்கிலத்தில் எழுதச் செய்க. நன்றாகப் படிக்கின்றாள், கையெழுத்துத் திருந்த வேண்டும், வகுப்பில் பேசத் தயங்குகின்றாள், கணக்கில் இன்னும் பயிற்சி வேண்டும், வருகைப் பதிவு குறைந்துள்ளது என்பன போன்றவை அவை. ஆங்கிலம் நன்கு அறிந்த இருவரைப் படிக்கச் செய்து கைபேசியில் பதிவு செய்க. இருவரும் வெவ்வேறு மாநிலத்தவராயின் மிக நன்று. சமையல் வேளையில் நாள்தோறும் ஒருமுறை அதைக் கேட்க. பத்து நாட்களுக்குப் பின் தொடர்களின் வரிசையை மாற்றி, விரைந்து படிக்கச் செய்து மீண்டும் பதிவு செய்க. கேட்டவுடன் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் சொல்ல முயல்க. எத்தனை தொடர்கள் விளங்கின என்பதைத் தேதியிட்டு எழுதி வைக்க.

பயிற்சியில் நேர்ந்த ஐயங்களை எழுதுவோர்க்கு அடுத்த இதழில் விடை தருவோம். தொலைபேசியில் கேட்டுணர்தல் பற்றியும் அதில் காண்போம். முகமும் வாயசைவும் தெரியாத இடத்தில் செவி ஒன்றையே நம்பி நிற்க வேண்டியிருப்பதால், அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகின்றது.